கம்புக்குக் கீழே

எர்லாங்கன்
27.10.1968

அன்புள்ள கிரிஜாவுக்கு,

இங்கே நானும் குளிரும் சௌக்கியம். அங்கே அப்பாவின் மூட்டுவலியும் உன் வாயும் எப்படி இருக்கின்றன?

இந்த வாரம் முழுக்க ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஜெர்மன் ஊரில் தமிழ் பேச நான் ஒருத்தன்தான். காலையில் சைக்கிளில் லேபுக்குப் போகும்போது வாய்விட்டுப் பேசிப் பார்க்கிறேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. கீழ்வீட்டு ஃபிராவ் லிண்ட்னர், என் வீட்டுக்காரம்மா, மெக்சிகோ ஒலிம்பிக்ஸைத் தன் டெலிவிஷனில் பார்க்கக் கூப்பிட்டாள். இருநூறு மீட்டரில் முதலாவதும் மூன்றாவதுமாக வந்த கறுப்பு அமெரிக்கர்கள் இரண்டு பேர் ஷூ போடாமல் பதக்க மேடை ஏறி, ஆளுக்கொரு கையில் கறுப்பு உறை மாட்டி, தலையைக் குனிந்து முஷ்டியை உயர்த்தினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபிராவ் லிண்ட்னர் மட்டும், "பாவம், காலு ஜில்லிடுமே" என்றாள். நீளத் தாண்டலில் இன்னொரு அமெரிக்கர் இருபத்தொன்பது அடிக்கு மேல் போய்விட்டார். அளக்க வைத்திருந்த கருவி அவ்வளவு தூரம் எட்டாமல் சாதாரண டேப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

உனக்கென்று வைத்திருக்கும் சேதி இதுதான். உயரத் தாண்டலில் ஓர் அமெரிக்கர் முதுகைக் கம்பின் பக்கம் காட்டித் தாண்டினார்! வளைவாக ஓடிவந்து, திரும்பி, தலை முதலில், மல்லாந்தபடி. ஏழடி நாலு அங்குலத்துக்கும் மேல். தங்கப் பதக்கம். மறுநாள் திரும்பக் காட்டினபோதும் என்னால் நம்ப முடியவில்லை. கீழே படம் போட்டிருக்கிறேன். கம்பு, அதன் மேல் மனிதர், ஓடிவரும் வளைவு. இன்ஜினியர் அண்ணன் இருந்து இதற்காவது உதவட்டும்.

உன் தாண்டல் எந்த மட்டில் இருக்கிறது?

உன் அண்ணன்
ரகுநாதன்


திருச்சி
12.11.1968

அன்புள்ள அண்ணாவுக்கு, கிரிஜா நமஸ்காரம்.

அப்பாவின் மூட்டும் என் வாயும் வழக்கம்போல் வேலை செய்கின்றன. உன் கடிதம் வந்த அன்றைக்கே படத்தை எடுத்துக்கொண்டு என் பழைய பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினேன். விளையாட்டு டீச்சர் நாகலட்சுமி பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு அங்க யாராவது ஏதாவது குடிக்கக் குடுத்திருப்பாங்க" என்றார்.

விளையாட்டில்லை அண்ணா, எனக்கு இது ரொம்ப அவசரம். இங்கே புதிதாக வந்திருக்கும் நூல் மில்லில் விளையாட்டுக்காரப் பெண்கள் சிலருக்கு ஆபீஸ் வேலை கொடுக்கப்போகிறார்கள். பிப்ரவரி பதினாறாம் தேதி செலக்‌ஷன். உயரத் தாண்டலுக்கு ஐந்தடி கேட்கிறார்கள். நான் எத்தனை முட்டினாலும் நாலடி ஒன்பது அங்குலத்தோடு சரி. இதற்கிடையில் கும்பகோணத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தித் தொலைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் பெண் ஓடக்கூடாதாம். நடந்தாலே சத்தம் கேட்கக்கூடாதாம். அப்பாவிடம் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில், "அஞ்சடி தாண்டினா மில்லு, தாண்டலேன்னா கும்பகோணம். அவ்வளவுதான், இதுக்கு மேல பேசாதே" என்று விட்டார். நம் கோர்ட் கிளார்க் அப்பா சொன்னால் தீர்ப்பு மாதிரிதானே.

அதனால் விவரமாக எழுது. எந்தக் காலை ஊன்றுகிறார்? எப்போது திரும்புகிறார்? எப்படி விழுகிறார்?

அந்த இருவரும் ஏன் ஷூ போடவில்லை? நான்கூட வெறுங்காலோடுதான் தாண்டுகிறேன், எனக்கு யாரும் கைதட்டவில்லையே!

உன் தங்கை
கிரிஜா


எர்லாங்கன்
24.11.1968

அன்புள்ள கிரிஜாவுக்கு,

நலம். நீ கும்பகோணத்துக்குப் போகாமல் இருந்தால் இன்னும் நலம்.

ஷூ போடாதது தங்கள் ஜனங்களின் ஏழ்மையை உலகத்துக்குக் காட்டுவதற்காம். கைதட்டலா? திட்டித்தான் அனுப்பினார்கள்.

கேட்ட விவரம் இதோ. ஊன்றுவது கம்புக்குத் தள்ளி இருக்கும் கால். வளைவாக ஓடிவருவதால் உடம்பு உள்பக்கம் சாயும். ஊன்றின பிறகுதான் திரும்புகிறார், அதற்கு முன்னால் இல்லை. தலையும் தோளும் கம்பைத் தாண்டியதும் முதுகை வில்லாக வளைக்கிறார். இடுப்பு தாண்டியதும் கால்களைச் சட்டென்று மேலே இழுத்துக்கொள்கிறார். தோள்பட்டையில் விழுகிறார், கால்கள் தலைக்கு மேல் சுழல்கின்றன, சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார். பயப்பட ஒன்றுமே இல்லை. ஃபிராவ் லிண்ட்னரின் சோபாவில் விழுந்து காட்டினேன். சோபாவின் கால் ஒன்று ஆடுகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து சாயங்காலங்கள் சீக்கிரம் போகின்றன. லேபில் வேலை முடிந்ததும் உனக்காகக் கணக்குப் போடுகிறேன். அந்த முறையில் தாண்டினால் உன் உடம்பை இவ்வளவு உயரம் தூக்க வேண்டியதில்லை. மூன்று அங்குலம் நிச்சயம் கூடும். எழுதி வைத்துக்கொள்.

உன் அண்ணன்
ரகுநாதன்


திருச்சி
20.12.1968

அன்புள்ள அண்ணாவுக்கு, கிரிஜா நமஸ்காரம்.

எல்லோரும் சௌக்கியம். என் கழுத்து மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது.

வருகிறது அண்ணா! முதலில் மூன்றடியில் வைத்துப் பழகினேன். காது, மூக்கு, வாய் எல்லாம் மணல். வீட்டில் தலை வாரினால் ஒரு பிடி உதிர்கிறது. அப்பா, "கடற்கரைக்கா போயிட்டு வர்றே?" என்கிறார். மணலை நன்றாகக் கொத்திவிட்டுத்தான் தாண்டுகிறேன். போன வாரம் நாலடி எட்டு அங்குலம் போனேன், கம்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆளே நுழையலாம் போல இடம் இருந்தது. நாகலட்சுமி டீச்சர் கம்பின் உயரத்தைத் திரும்ப அளந்து பார்த்தார்.

விழும்போதுதான் மூச்சு ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது. அந்த அமெரிக்கர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பழகிவிட்டால் வரும்.

அங்கே கிறிஸ்துமஸ் லீவில் தனியாக என்ன செய்வாய்? வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
கிரிஜா


எர்லாங்கன்
14.1.1969

அன்புள்ள கிரிஜாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. நானும் பொங்கினேன். இங்கே கிடைக்கும் அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை. ஃபிராவ் லிண்ட்னர் அன்பு மிகுந்து மேலே பட்டைப்பொடி தூவிவிட்டாள். சூரியனும் வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவு போயிற்று. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ரேடியோதான் துணை. இந்த ஊரில் அமெரிக்கச் சிப்பாய்களின் முகாம் இருக்கிறது, அவர்கள் ரேடியோ எனக்கும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஃபுட்பால் இறுதி ஆட்டம். நம் ஃபுட்பால் இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. நியூயார்க் அணி தோற்றுவிடும் என்று உலகமே சொன்னது. அந்த அணியின் இளைஞர் ஒருவர் மூன்று நாளைக்கு முன், "நாங்க ஜெயிப்போம், இது என் உத்தரவாதம்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கேலி செய்தார்கள். ஜெயித்துவிட்டார்கள்! நான் தனியாக அறையில் நின்று கைதட்டினேன்.

நீயும் அப்படிச் சொல்லிவிட்டுப் போ. கழுத்துவலி புது வித்தைக்கு எல்லோரும் கொடுக்கும் விலை. பதினாறாம் தேதி முடிந்த கையோடு எழுது.

உன் அண்ணன்
ரகுநாதன்


திருச்சி
10.3.1969

சிரஞ்சீவி ரகுநாதனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையில் இங்கு யாவரும் க்ஷேமம்.

கிரிஜாவுக்கு நீ எழுதிய கடிதங்கள் மூன்றும் வந்தன. அவள் குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்து கையில் கொஞ்சம் அடி. அதனால் நான் எழுதுகிறேன். கவலைப்பட வேண்டியதில்லை. மில்லில் இடம் கிடைக்கவில்லை. கும்பகோணம் சம்பந்தமும் இப்போதைக்கு இல்லை. இனி அவளுக்கு விளையாட்டு விஷயமாக எதுவும் எழுத வேண்டாம்.

குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொள்ளவும்.

ஆசீர்வாதத்துடன்
சுந்தரராஜன்


எர்லாங்கன்
11.5.1969

அன்புள்ள கிரிஜாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றி உண்மையாக எழுது. அப்பா வேண்டாமென்றாலும் எழுதுகிறேன்.

நேற்று யூனிவர்சிட்டி மைதானம் வழியாகச் சைக்கிளில் வந்தேன். மாணவர்கள் அந்த அமெரிக்கரைப் போல முதுகுப்புறமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஆசையாக இறங்கிப் பக்கத்தில் போனேன். கம்புக்குக் கீழே மெத்தை போட்டிருந்தார்கள் கிரிஜா. ஸ்பாஞ்சு மெத்தை, என் இடுப்பு உயரத்துக்கு. கையை அழுத்தினேன், முழங்கை வரை உள்ளே போயிற்று. "மணலில் தாண்டுவதில்லையா?" என்று கேட்டேன். ஒரு பையன் சிரித்தான். "மணல்லயா? கழுத்து முறிஞ்சிடும்" என்றான்.

டெலிவிஷனில் கறுப்பு வெள்ளையில் கம்புக்குக் கீழே வெளிறினாற்போல் ஒரு குவியல் தெரிந்தது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கம்புக்குக் கீழே மணலைத் தவிர வேறு என்ன இருக்கும்? நம் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன இருந்தது? மூன்று அங்குலம் கூடும் என்று கணக்குப் போட்ட மடையன், விழுகிற இடத்துக்குக் கணக்குப் போடவில்லை.

நீ குளிக்கும் அறையிலா விழுந்தாய்? உடனே பதில் போடு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரகு


திருச்சி
22.6.1969

அன்புள்ள அண்ணாவுக்கு, கிரிஜா நமஸ்காரம்.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. வலது கை இன்னும் சரியாகாததால் இடது கையால் எழுதுகிறேன். அதனால்தான் தாமதம்.

குளிக்கும் அறையில்தான் வழுக்கினேன். அந்தப் புது மாதிரியைப் பொங்கலுக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன். செலக்‌ஷன் அன்று பழைய மாதிரியே தாண்டினேன், தட்டிவிட்டது. ஸ்பாஞ்சைப் பற்றி நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

லீவு கிடைத்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். வர முடியாவிட்டால் அமெரிக்கர்கள் விளையாட்டைப் பற்றி எழுது. பகலெல்லாம் படுத்திருக்க அலுப்பாக இருக்கிறது.

உன் தங்கை
கிரிஜா


எர்லாங்கன்
14.3.1971

அன்புள்ள கிரிஜாவுக்கு,

நலம். போன வருஷமும் லீவு அமையவில்லை. லேபில் புது மெஷின் வந்திருக்கிறது, என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் நியூயார்க்கில் பெரிய குத்துச்சண்டை. இதுவரை தோற்றே அறியாத இரண்டு பேர் மோதினார்கள். அதில் ஒருவர் யுத்தத்துக்குப் போக மறுத்ததால் மூன்று வருஷத்துக்கு மேல் மேடை ஏற விடாமல் வைக்கப்பட்டிருந்தவர். பதினைந்தாவது சுற்றில், அதுதான் கடைசிச் சுற்று, தாடையில் ஒரு குத்து வாங்கி மல்லாந்து விழுந்தார். லேபில் எல்லோரும் இதே பேச்சுதான். என்னிடம் யாரும் பேசவில்லை, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் அவர் தோற்றார்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. அப்பாவின் மூட்டுவலி தேவலையா?

உன் அண்ணன்
ரகுநாதன்


திருச்சி
2.4.1971

அண்ணாவுக்கு நமஸ்காரம். அப்பாவின் வலி இப்போது இரண்டு முழங்காலிலும்.

விழுந்தவர் எழுந்தாரா என்று எழுதாமல் விட்டாயே. அதை எழுது.

எப்போது வருகிறாய் என்று அப்பா கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

கிரிஜா


மியூனிக்
12.9.1972

அன்புள்ள கிரிஜாவுக்கு,

எழுந்தார். உடனே எழுந்துவிட்டார். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

ஒலிம்பிக்ஸ் பார்க்க மியூனிக் வந்தேன். நடுவில் நடந்த இஸ்ரேல் வீரர்களின் படுகொலையை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு முதல் நாள் சாயங்காலம் பெண்கள் உயரத் தாண்டலுக்கு டிக்கெட் கிடைத்தது. பதினாறு வயது ஜெர்மன் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, அந்த அமெரிக்கர் காட்டிய வழியில் முதுகைக் காட்டித் தாண்டித் தங்கம் வாங்கினாள். அரங்கமே எழுந்து கத்தியது. நான் கம்பைப் பார்க்கவில்லை. அவள் விழும் ஒவ்வொரு தடவையும் மெத்தையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து சிரித்தாள். பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கைக்குட்டை கொடுத்தார்.

முந்தாநாள் கூடைப்பந்தில் அமெரிக்கா ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டது. கடைசி மூன்று வினாடி சரியாக நடக்கவில்லை என்று திரும்ப ஆடச் சொன்னார்கள். அதுவும் சரியில்லை என்று இன்னொரு தடவை. அந்தத் தடவை ரஷ்யா ஜெயித்தது. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தைத் தொட மாட்டோம் என்று போய்விட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு நினைப்பு. யாராவது எனக்கு அந்த மூன்று வினாடியைத் திருப்பிக் கொடுத்தால், தபால்பெட்டிக்குள் கையை விட்டு அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்துப்போடுவேன்.

வழுக்கி விழுந்ததாக நீ எழுதியதை நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. லீவு கிடைக்காமல் இல்லை கிரிஜா. உன் கையைப் பார்க்கப் பயம். எது எப்படியானாலும் சரி, அன்றைக்கு என்ன நடந்ததென்று எழுது.

ரகு


திருச்சி
1.10.1972

அன்புள்ள அண்ணாவுக்கு, கிரிஜா நமஸ்காரம்.

நான் சௌக்கியம். இடது கை எழுத்து இப்போது நன்றாகவே வந்துவிட்டது, நீயே பார்க்கிறாய். வலது கை தோளுக்கு மேல் போகாது. தலை பின்ன அடுத்த வீட்டு மல்லிகா அக்கா வருகிறார். கும்பகோணத்துக்காரர்கள் சேதி கேட்டதும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது ஒன்றுதான் லாபம்.

கேட்டாய், சொல்கிறேன். நாலடி பத்து வரைக்கும் சுலபமாகப் போனேன். ஐந்தடியில் மற்றப் பெண்கள் எல்லோரும் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக நான். காலையில் நீளத் தாண்டல்காரர்கள், பிறகு நாங்கள் என்று எல்லோரும் குதித்து அந்த மணலைக் கல்லாக இறுக்கியிருந்தோம். கொத்திவிடச் சொன்னேன், நேரமாகிறது என்றார்கள். ஓடினேன். நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். நீ எழுதியபடியே தோள்பட்டையில்தான் விழுந்தேன்.

ஸ்பாஞ்சைப் பற்றி நீ எழுதாமல் விட்டது தெரியாமல் நடந்தது. அதில் எனக்குக் கோபமே கிடையாது, அன்றைக்கும் இல்லை. வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் நீ பயமில்லாமல் வருவாய் என்று நினைத்துத்தான் பொய் எழுதினேன், அப்பாவையும் எழுத வைத்தேன். நீ வரவில்லை. அது தெரிந்தே செய்தது அண்ணா. அதற்கு எனக்குக் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. படுத்துக்கொண்டே தபால்காரன் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மாதிரி தாண்டும்போது மணலைப் பார்த்தபடி விழுவேன். கம்பு நின்றதா விழுந்ததா என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு மல்லாந்து கிடந்தேன், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்கு நேரே வானம், அதன் குறுக்கே கம்பு. ஆடாமல் அசையாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்க ஓடிவந்தவர்கள் இடித்துக் கம்பு விழுந்தது. தட்டிவிட்டதாகக் குறித்துக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

ஐந்தடி தாண்டிவிட்டேன் அண்ணா. அப்பாவுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது. நீ வந்து வாசலில் இறங்கியதும் முதலில் உன் காதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கடைசியில் கடிதத்தில் எழுதும்படி ஆகிவிட்டது.

குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

கிரிஜா